இறாலின் கண்ணில் ஒரு கடிவாளம்

ஏரி இறாலுக்கும் கடல் இறாலுக்கும் என்ன வித்தியாசம் என்று மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஏரி இறால் ருசி, கடல் இறால் பெரிசு என்பார்கள். பழவேற்காட்டு இறால் என்றால் கூடையை இறக்குவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். அதெல்லாம் சரிதான். ஆனால் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. இறால் உரிப்பவர்கள் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள், யோசித்திருக்க மாட்டார்கள். முதுகைக் கீறினால் கறுப்பாக ஒரு நரம்பு வருகிறதே, அது நரம்பில்லை, குடல். கடலில் பிடித்த பெரிய பெண் இறாலில் சில சமயம் அதை ஒட்டியே தலையிலிருந்து வால் வரை கரும்பச்சையாக ஒரு பட்டை தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று சிலர் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கெட்டுப்போகவில்லை, அது சினை. ஏரி இறாலை ஒரு கூடை உரித்தாலும் அந்தப் பச்சைப் பட்டை முற்றித் திரண்டதாக ஒன்று கிடைப்பது அரிது.

காரணம், நம் வெள்ளை இறாலும் புலி இறாலும் ஏரியில் பிறப்பவை அல்ல. கடலில் முட்டை விட்டு, கடலில் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக அலையோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, சில மாதம் இங்கே தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறவை. ஏரி அவற்றுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. கல்யாணம் காட்சியெல்லாம் கடலில்தான். ஏரியில் எவ்வளவு கொழுத்தாலும் முட்டை பழுக்காது. தண்ணீரின் உப்பு, ஆழம், வெளிச்சம் எல்லாம் சரியாக அமைகிறவரை உடம்பு அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

இந்த "நிறுத்தி வைத்தல்" பற்றித்தான் இந்தக் கட்டுரை. முட்டையைப் பழுக்க வைப்பது ஹார்மோன் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். பழுக்காமல் பிடித்து வைப்பதும் ஹார்மோன்தான் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று மனிதன் தேடிக் கண்டுபிடித்த கதைக்கும் நம் ஏரிக்கரைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் நம்மைப் போன்ற பாலூட்டிகளின் விஷயத்தைப் பார்ப்போம். இந்த வயதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று சேர்வதில்லை, குறைந்துகொண்டேதான் போகிறது. வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் பழுத்து வெளியே வருவது சுமார் 400 மட்டுமே. இதைவிட ஆச்சரியம், ஒவ்வொரு முட்டையும் தாய் வயிற்றில் இருக்கும்போதே பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்று போயிருக்கிறது. நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்கு வெளிவரும் முட்டை நாற்பது வருடமாக அதே பாதியில் காத்திருந்த முட்டை. எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் "நிலுவை" என்று சிவப்பு நாடாவோடு கிடக்கும். அவைகூட இவ்வளவு காலம் கிடந்ததில்லை.

முட்டை தனியாக இல்லை. அதைச் சுற்றி ஒரு சிறு பை. ஸ்கேன் சென்டரில் "ஃபாலிக்கிள் எத்தனை மில்லிமீட்டர்" என்று சொல்கிறார்களே, அந்தப் பைதான். மாதாமாதம் மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் இரத்தத்தில் வரும். சில பைகள் வளர ஆரம்பிக்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை சுருங்கிவிடும். முந்திய பை ஈஸ்ட்ரோஜெனை ஊற்றும். அது ஓர் அளவைத் தாண்டியதும் மூளை எல்எச் என்ற இன்னொரு ஹார்மோனை ஒரே வீச்சாக அனுப்பும். அப்போதுதான் அத்தனை வருடம் நின்ற முட்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏறக்குறைய ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளியே வரும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு மூளை ஆணையிடுகிறது, முட்டை கீழ்ப்படிகிறது என்றுதான் தோன்றும். 1935இல் அமெரிக்காவில் கிரிகரி பின்கஸும் என்ஸ்மன் என்பவரும் முயலின் சினைப்பையிலிருந்து பழுக்காத முட்டைகளை எடுத்து, பையை நீக்கிவிட்டு, கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். ஹார்மோன் எதுவும் கொடுக்கவில்லை. முட்டைகள் தாமாகவே பிரிய ஆரம்பித்தன. அப்படியென்றால் முட்டைக்குப் பழுக்கத் தெரியும். அதைப் பழுக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது சுற்றியிருந்த பை. எல்எச் செய்யும் வேலை பையின் பிடியைத் தளர்த்துவது. சைக்ளிக் ஏஎம்பி போன்ற சில பொருள்களை முட்டைக்குள் உயரத்தில் வைத்துத்தான் பை அதைத் தூங்க வைக்கிறது என்பதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. இந்தப் பின்கஸ்தான் பிற்பாடு கருத்தடை மாத்திரைக்குக் காரணமானவர். முட்டையை விடுவிக்கத் தெரிந்தவர் அதை நிறுத்தவும் வழி கண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி இறாலுக்கு வருவோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று இங்கே பலமுறை எழுதிவிட்டேன். அந்தப் படிப்பால் தமிழ்நாட்டு அலுவலகத்தில் எனக்கு ஒரு காசு பிரயோஜனம் இருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் உதவுகிறது. பிரெஞ்சு தேசிய நூலகம் பழைய ஏடுகளையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய விஞ்ஞான அகாதமியின் நடவடிக்கைக் குறிப்புகளில் 1943ஆம் வருடத்துப் பக்கங்கள் சிலவற்றை உட்கார்ந்து படித்தேன். ஜெர்மன் படை பிரான்ஸில் உட்கார்ந்திருந்த வருடம். அந்த நேரத்தில் பனூஸ் என்ற ஒருவர் லெயாந்தர் என்ற கடல் இறாலின் கண்காம்பை வெட்டி, சினைப்பை என்ன ஆகிறது என்று பார்த்து, இரண்டு மூன்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். "பெதோங்க்யூல் ஒக்யுலேர்" என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் இயற்கை விஞ்ஞான வகுப்பு ஞாபகம் வந்தது. கண்காம்பு என்று பொருள். முட்டைக்கு அந்த மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு முட்டை என்றால் கடைசியில் "ஃப்" ஒலிக்கும், பல முட்டை என்றால் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. எத்தனை குட்டு வாங்கியிருக்கிறோம் அதற்கு!

பனூஸ் செய்தது இதுதான். அந்த இறால் முட்டை போடாத காலத்தில், சினைப்பை சுருங்கிக் கிடக்கும்போது, கண்காம்பை எடுத்துவிட்டார். சினைப்பை மளமளவென்று வளர்ந்தது. பருவமில்லாத காலத்தில் முட்டையும் போட்டது. அடுத்த வருடம், கண்காம்பிலிருந்து எடுத்த சுரப்பியை வெட்டுப்பட்ட இறாலின் உடம்புக்குள் வைத்தபோது அந்த வளர்ச்சி தடைப்பட்டதையும் காட்டினார். ஆக, கண்ணைத் தாங்கும் அந்தக் காம்புக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. அது சினையை அடக்கி வைக்கும் ஒரு ஹார்மோனை விட்டுக்கொண்டே இருக்கிறது. காம்பு போனால் கடிவாளம் போகிறது. சினை ஓடத் தொடங்குகிறது.

பழவேற்காட்டில் எனக்குப் பழக்கமான ஒரு மீனவரிடம் இதைச் சொன்னேன். குப்பத்தில் வலை சீர் செய்துகொண்டிருந்தார். "கண்ண எடுத்தா சினை புடிக்குதா? அப்போ அதுவரிக்கும் எதையோ பாத்து பயந்துகினு இருந்திச்சா சார்?" என்றார். பார்வைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை, சுரப்பி அந்த இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அவர் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதும் முழுக்கத் தப்பில்லை. பக்குவமில்லாத இடத்தில் முட்டை விடாதே என்று பிடித்து வைப்பதுதானே அந்தச் சுரப்பியின் வேலை?

பாலூட்டிக்கும் இறாலுக்கும் நடுவில் மீன் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும், ஆனால் குளத்துத் தண்ணீரில் முட்டை விடாது. வெள்ளம் வரும் ஆறு வேண்டும். அதனால் ஒரு காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் வலை கட்டி அள்ள வேண்டும். எந்த மீனின் குஞ்சு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் 1957 ஜூலை 10 அன்று இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். செத்த மீனின் தலையைத் திறந்து மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரியை எடுத்து, அரைத்து, வடிகட்டி, சினை மீனுக்கு ஊசி போட்டார்கள். முதலில் சிறிய டோஸ், ஆறு மணி நேரம் கழித்துப் பெரிய டோஸ். இரவு தாண்டுவதற்குள் குளத்து மீன் முட்டை விட்டது. இன்றைக்கும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கல்கத்தா மீன் சந்தைகளில் வெட்டிப் போடும் தலைகளுக்கு அதன் பிறகு தனி மதிப்பு வந்தது.

மீனுக்கு மூளையிலிருந்து வரும் அந்த முதல் உத்தரவும் நமக்கு வருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து அமினோ அமிலம் கோத்த ஒரு சிறு சங்கிலி. 1971இல் பன்றி, ஆடு இவற்றின் மூளைத் துணுக்குகளை லட்சக்கணக்கில் சேர்த்து அதைக் கண்டுபிடித்தவர்கள் ஷாலி, கியோமென் என்ற இருவர். ஒருவருக்கொருவர் போட்டி, பேச்சுவார்த்தை இல்லை. 1977இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கியோமென் பிரான்ஸில் தீஜோன் ஊர்க்காரர். அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்தைத்தான் 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாய்க்கு ஊசி போட்டார்கள். 1987இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பண்ணை அங்கே இருக்கிறது. அதே வகை மருந்து பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. கொடுவாய்க்கும் நம் வீட்டு மருமகளுக்கும் ஒரே வம்சத்து ஊசி என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்தான்.

மருமகள் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25 பிறந்தது. இரண்டு மாதம் சொச்சத்தில், அக்டோபர் 3 அன்று, இவர் முயற்சியில் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இங்கிலாந்துக்காரர்கள் ஹார்மோன் ஊசி இல்லாமல், இயற்கையாகப் பழுத்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள். இவர் ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகளைப் பழுக்க வைத்து, கருவை உறையவைத்துப் பிறகு வைத்தார். அந்த ஹார்மோன், மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது. அந்த வயதில் சினைப்பை பதில் சொல்லாததால் பிட்யூட்டரி உரக்கக் கூவிக்கொண்டே இருக்கும், அந்தக் கூவல் சிறுநீரில் வழிந்துவிடும். இத்தாலியில் முதன்முதலில் இதற்காகக் கன்னிமாடங்களின் வயதான சகோதரிகளிடம்தான் சிறுநீர் சேகரித்தார்கள். பிள்ளை பெறாத அவர்களால் எத்தனை வீட்டில் தொட்டில் ஆடியது!

முகோபாத்யாய் சொன்னதை யாரும் நம்பவில்லை. அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு பொய் என்று எழுதிவிட்டது. வெளிநாட்டுக்குப் போய்ப் பேச அனுமதி இல்லை. 1981 ஜூனில் மாற்றல் உத்தரவு வந்தது, கண் மருத்துவ நிறுவனத்துக்கு. கருமுட்டையை ஆராய்ந்தவருக்குக் கண்! அந்த மாதம் 19ஆம் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மாற்றல் உத்தரவுகளைத் தட்டச்சு செய்தே வாழ்க்கையை ஓட்டியவன் நான். ஒரு தாளில் நாலு வரிதான் இருக்கும், நகல் ஐந்து பேருக்கு என்று கீழே போடுவோம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிப்பதில்லை. 1986இல் பம்பாயில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தையால் பெயர் பெற்ற விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமார், 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, இந்தியாவில் முதலில் செய்தவர் அவர்தான் என்று தானே எழுதினார். தனக்கு வந்த பெயரைத் தானே எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்த மனிதர். இன்றைக்கு உலகம் முழுக்க நடப்பது ஹார்மோன் கொடுத்துப் பல முட்டை எடுப்பதும், கருவை உறையவைப்பதும்தான்.

பனூஸின் கண்டுபிடிப்பு முப்பது வருடம் புத்தகத்திலேயே கிடந்தது. ஜப்பானில் ஃபூஜினாகா என்பவர் 1930களிலேயே இறால் குஞ்சு பொரிக்க வைத்தவர். ஆனால் அவருக்கும் கடலில் பிடித்த, ஏற்கெனவே சினை முற்றிய தாய்தான் வேண்டியிருந்தது. தொட்டியில் வளர்த்த புலி இறால் மட்டும் என்ன தீனி போட்டாலும் சினை பிடிக்க மறுத்தது. 1970களில் அமெரிக்கா, இங்கிலாந்து, பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த தாஹித்தித் தீவு என்று பல இடங்களில் ஒருவர் பின் ஒருவராகக் கண்காம்பை வெட்டிப் பார்த்தார்கள். கேரளத்தில் நாரக்கல்லில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த முத்துவும் லட்சுமிநாராயணாவும் நம் நாட்டு இறால்களில் இதைச் செய்து 1977இல் எழுதினார்கள். இந்தியாவில் அதுதான் பிள்ளையார் சுழி.

செய்முறை ரொம்பச் சின்னது. தாய் இறாலை ஈரக் கையில் பிடித்து, ஒரு பக்கத்துக் கண்காம்பை மட்டும் சூடு வைத்த இடுக்கியால் நசுக்கியோ, கத்தரித்தோ, நூலால் இறுகக் கட்டியோ எடுத்துவிடுவது. இரண்டையும் எடுத்தால் இறால் தாங்காது. அந்தக் காம்பிலிருந்து வேறு பல ஹார்மோன்களும் வருகின்றன. சட்டை உரிப்பது, உடம்பின் சர்க்கரை, நிறம் எல்லாவற்றுக்கும் கணக்கு அங்கேதான். ஒரு கண் எடுத்துச் சில நாளில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில், முதுகில் பச்சைப் பட்டை திரளும். இரவில் முட்டை விடும். ஒரு புலி இறால் ஒரே இரவில் லட்சக்கணக்கில் விடும். மறுநாளே குஞ்சு. சில வாரத்தில் குட்டையில் விடத் தயார். அந்தத் தாய்க்கு ஓய்வு கிடையாது. கடிவாளம் அறுந்த குதிரை நிற்குமா? திரும்பத் திரும்ப சினை பிடிக்கும். போகப் போக முட்டையின் தரம் இறங்கும், தாயும் ஓய்ந்து செத்துப்போகும்.

1980களின் இறுதியில் ஏற்றுமதி ஆணையம் ஆந்திராவிலும் ஒரிஸ்ஸாவிலும் பெரிய ஹேச்சரிகளைத் தொடங்கியது. பிறகு தனியார். சோழமண்டலக் கரை நெடுக ஹேச்சரி, அதற்குப் பின்னால் குட்டை. கழிமுகத்தில் குஞ்சை அள்ளி நம்பியிருந்தால் இவ்வளவு குட்டைகளுக்கு விதை கிடைத்திருக்காது. நெல்லூரில் ஆரம்பித்து நம் ஏரியின் இரு கரைக்கும் வந்த அந்த வெறி, ஒரு விதத்தில், அந்த ஒற்றைக் கண்ணில் ஆரம்பித்தது. நெல் விளைந்த இடத்தில் மண் அணை எழுந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்த மனுக்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: கிணறு உப்பாகிவிட்டது, குட்டைத் தண்ணீரை ஏரியில் விடுகிறார்கள், வலை போடப் போகும் வழியை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். மறுபக்கம் குட்டை போட்டவர்களில் சிலர் இரண்டு அறுவடையில் மாடி வீடு கட்டியதும் உண்மை. அதைப் பார்த்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களும் நம்மவர்களே.

1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு, சில நாளில் குட்டை முழுக்க மிதப்பு. அது வைரஸ். தாயிடமிருந்து முட்டையோடு ஒட்டிக் குஞ்சுக்குப் போகக்கூடியது. ஒரே தாயின் லட்சக்கணக்கான குஞ்சு பல குட்டைக்குப் பிரிந்து போனால், நோயும் கூடவே பிரிந்து போகும். கடலில் இப்படிப் போக வழியில்லை.

அதற்குள் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தஞ்சை, நாகைக் கரையோர மக்களுக்காக உச்ச நீதிமன்றம் போயிருந்தார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குட்டை கூடாது என்றதோடு, சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டையும் பெயர் சொல்லி, அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் கூடாது என்றது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நம் ஏரியின் பெயர் வந்ததில் எனக்கு ஒரு பெருமை. பிறகு மறுஆய்வு, ஆணையம், 2005இல் புதிய சட்டம் என்று அது வேறு வழியாகப் போனது. அந்தக் கதைக்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

புலி இறாலின் காலம் நோயோடு மங்கியது. 2009இல் பசிபிக் கடலோரத்து வனாமி இறாலுக்கு அனுமதி கொடுத்தார்கள். இப்போது குட்டைகளில் பெரும்பாலும் அதுதான். அதன் தாய்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கி, நீலாங்கரையில் இதற்கென்றே கட்டிய இடத்தில் நோய் இருக்கிறதா என்று காவலில் இருந்து, பிறகு ஹேச்சரிகளுக்குப் போகின்றன. மகாராணி மரியாதை. ஹேச்சரிக்குப் போனதும் கண் போகிறது.

வனாமி விஷயத்தில் ஒரு புதுச் செய்தி. இந்த இறால் புலி இறால் மாதிரிப் பிடிவாதக்காரி இல்லை. நல்ல தீனி, சரியான வெளிச்சம், பெண் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல் என்று ஏற்பாடு செய்தால் கண்ணை எடுக்காமலே போதுமான முட்டை விடுகிறது. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தார் சோதித்ததில், கண் எடுக்காத தாயின் குஞ்சுகள் வெள்ளைப்புள்ளி உள்ளிட்ட நோய்களை மேலாகத் தாங்கின. 2022இல் பிரிட்டன் சட்டத்திலேயே இறால், நண்டு வகைகளுக்கு வலி உணர்வு உண்டு என்று சேர்த்துவிட்டார்கள். அந்த ஊர்க் கடைக்காரர்கள் கண் எடுக்காத தாயின் இறாலா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கேட்டால்தான் நமக்கு உறைக்கும் என்பது பழைய சங்கதி. ஆனாலும் கேட்கட்டும். காசுக்கு நஷ்டமில்லை, குஞ்சும் பலமாக இருக்கிறது என்றால் இடுக்கியைக் கீழே வைக்க என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

நம் மீனவருக்கு இந்த ஊசியும் இடுக்கியும் எதற்கும் உதவுவதில்லை. அவருக்கு வேண்டியது முகத்துவாரம். மடவையும் இறாலும் ஏரியிலேயே அடைபட்டுக் கிடந்தால் சினை முற்றாது. வாய் தூர்ந்துபோன வருடங்களில் ஏரிக்குள் குஞ்சு வரவும் வழியில்லை, வளர்ந்தது போகவும் வழியில்லை. குப்பத்துப் பெரியவர்கள் மணலை வெட்டச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக நடந்தது படகு போவதற்காக மட்டும் என்று நானும் ரொம்ப நாள் கேட்டிருக்கிறேன். படகு போகிற அதே வாயில்தான் இறாலும் போகிறது. ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து வாய் அகலும் ஐப்பசி கார்த்திகைக்குப் பிறகு, எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள், எந்த இடம் என்று குலுக்கிப் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் "பாடு" வழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. கடலுக்குத் திரும்பும் இறாலை வற்றுநீரில் வழிமறிப்பதுதான் அந்த வலை. கூடையில் வந்து விழுவதில் பச்சைப் பட்டை இருக்காது. இன்னும் வயசு வரவில்லை. வலைக்குத் தப்பி வாயைத் தாண்டியவற்றுக்கு, சில பாகம் ஆழம் போனதும், இரண்டு கண்ணும் இருக்கும்போதே பச்சை ஏறும்.